நான்காவது பாரம்

அச்சகத்தின் பைண்டிங் பிரிவில் அவள் பதினாலு வருஷமாகத் தாள் மடிக்கிறாள். மடிக்கிற தாளைப் படிக்கக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். படித்தால் கை நிற்கும். கை நின்றால் போர்மேன் வந்து நிற்பார். வீட்டில் அடுப்பு மேடையில் தாளை வைத்து, வேறு பெயரில் அவள் கதை எழுதுவது புருஷனுக்கு மட்டும்தான் தெரியும். அந்த மனுஷனும் ஒரே பாட்டைப் பாடுவார்.

"எழுது, வேண்டாங்கல. ஆனா வெளிய தெரியாம பாத்துக்க. நானே படுத்துக் கிடக்கிறேன். உன் வேலையும் போச்சுன்னா நடுத்தெருதான்."

அவளுடைய கெட்ட நேரம், கதையை வாங்கிய பத்திரிகை அச்சகத்தை மாற்றியது. இதழ் நேராக அவள் மேஜைக்கே வந்து சேர்ந்தது. பதினாறு பக்கம் அச்சான ஒரே பெரிய தாளைத்தான் அங்கே பாரம் என்பார்கள். நான்காவது பாரத்தை மடிக்கும்போது கண் எழுத்தில் விழுந்தது. அவள் கதை. கட்டிங் மிஷினில் ஒருவனுக்கு விரல் போனதையும், தடுப்புத் தகட்டைக் கழற்றச் சொன்ன போர்மேன் அதை மூடி மறைத்ததையும் அப்படியே எழுதித் தொலைத்திருந்தாள். பேசுவதற்கு முன் அவர் இரண்டு முறை செருமுவதைக்கூட விட்டுவைக்கவில்லை.

பயத்தில் புத்தி வேலை செய்யுமா? போர்மேன் சரிபார்க்கும் பிரதியை அடுக்கும்போது அந்தப் பாரத்தை மட்டும் உருவிவிட்டாள். அத்தனை வருஷம் அங்கே குப்பை கொட்டியவள், அவர் எதையும் படிப்பதில்லை என்பதை மறந்துபோனாள். பிரதியின் முதுகை, அந்த மடிப்பு விளிம்பைத்தான் பார்ப்பார். ஒவ்வொரு பாரத்தின் முதுகிலும் ஒரு கறுப்புக் கோடு உண்டு. வரிசையாக அடுக்கினால் படிக்கட்டு மாதிரி இறங்கும். இதில் நான்காவது படி இல்லை.

"எங்க அந்த பாரம்? எடு."

கொடுத்தாள். காணாமல் போன சாமானாயிற்றே, அதனால் புரட்டினார். புரட்டியவர் நின்றுவிட்டார். நின்றபடியே படித்தார். அவள் கை மடித்த தாளையே திரும்பத் திரும்ப மடித்தது.

முடித்துவிட்டு இரண்டு முறை செருமினார்.

"அன்னைக்கு அந்த ரூம்ல மூணு பேருதான் இருந்தோம். விரல் போனவனுக்குக் கையெழுத்தே ஒழுங்கா வராது. நான் எழுதல." பாரத்தை மேஜையில் வைத்தார். "நீ எழுதினதா?"

எழுத ஆரம்பித்த நாளிலிருந்து, ஒருத்தராவது இதைக் கேட்க மாட்டார்களா என்று ஏங்கியவள் அவள். கேட்கிறவர் இவராகவா இருக்க வேண்டும்? படுத்துக் கிடக்கிற புருஷன் கண்ணுக்குள் வந்தார். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"ஆமா சார்" என்றாள்.