பின் இருக்கை லெலண்ட்

மொன்டானாவின் கோதுமை வயல்களுக்கு நடுவே இருந்த விமானத் தளத்தில் லெலண்ட் ஹாக்ஸ்டாடுக்கு எதிரியாக நடிப்பதுதான் உத்தியோகம். பழைய குண்டுவீச்சு விமானத்தின் பின் இருக்கையில் உட்கார்ந்து, அலைகளை வீசும் ஒரு கருவியால் சொந்த நாட்டு ராடார் நிலையங்களின் திரையைக் குருடாக்குவார். அதையும் மீறி விமானத்தைக் கண்டுபிடித்தால் அந்த நிலையத்துக்குத் தேர்ச்சி.

பார்வைக் குறைவால் விமானியாக முடியாமல் போனவர். ஏழு வருடங்களாக அந்த இருக்கைதான். முழங்கால் கருவிப் பலகையில் இடிக்கும். எதிரே விமானியின் இருக்கை முதுகைத் தவிர வேறொன்றும் தெரியாது. மாற்றல் கேட்டு ஐந்து முறை எழுதினார். இவ்வளவு நன்றாக மறைக்கிற ஆளை விட முடியாது என்று ஐந்து முறையும் கமாண்டர் கையை விரித்தார். மனைவி அர்லீனிடம் வேலையைப் பற்றி வாய் திறக்கக் கூடாது.

1974 பிப்ரவரியில் அவரும் விமானி டெஸ்மெட்டும் பனிப்புயலுக்குள் மாட்டினார்கள். மின்கம்பிகள் கருகிப் புகை வந்தது, திசைகாட்டி செத்தது. ரேடியோ மட்டும் மிச்சம். டெஸ்மெட் ராடார் நிலையத்தை அழைத்து வழி கேட்டார்.

"சார், திரை பூரா வெள்ளையா இருக்கு. நீங்க எங்க இருக்கீங்கன்னே தெரியல. அந்தக் கருவிய மொதல்ல நிறுத்துங்க," என்றார் நிலையத்து சார்ஜென்ட் ப்ரூட்டன்.

லெலண்ட் விசையைத் தட்டினார். அது உருகி ஒட்டிக்கொண்டிருந்தது.

"நிக்க மாட்டேங்குது. முதுகுக்குப் பின்னாடி ஃபியூஸ் இருக்கு. பெல்ட்ட அவுக்கணும்."

டெஸ்மெட் எரிபொருள் முள்ளைப் பார்த்தார். பெல்ட் இல்லாமல், ஆபத்து வந்தால் இருக்கையோடு வெளியே குதிக்கவும் முடியாது என்பது இருவருக்கும் தெரியும். "எரிபொருள் இருபது நிமிஷத்துக்குத்தான், லெலண்ட். அவுத்துடு."

அவர் பெல்ட்டை அவிழ்த்து, உடம்பை முறுக்கி, கண்ணீர் வழியப் புகைக்குள் கைவிட்டுத் துழாவினார். மூன்றாவது ஃபியூஸைப் பிடுங்கியதும், "தெரியுது சார், இடப்பக்கம் திரும்புங்க," என்றார் ப்ரூட்டன்.

இறங்கினார்கள். லெலண்டின் விரல்களில் கொப்புளம். கையில் கட்டோடு ஆறாவது மனுவை எழுதினார். பதக்கம் வந்தது, மாற்றல் வரவில்லை. விமானம் இறங்கிய அன்றிரவே முதன்முறையாக அர்லீனிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கட்டுப் போட்ட கையைப் பிடித்தபடி, வேலையை விட்டுவிடச் சொன்னாள். பென்ஷனுக்கு இன்னும் நாலு வருடம் இருக்கிறது என்றார் அவர்.

நாலு வருடமும் பறந்தார். ஒவ்வொரு முறையும் விமானத்தின் மூடி இறங்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். அந்த மூச்சு நிற்பது டெஸ்மெட்டுக்குக் காதில் மாட்டிய கருவியில் கேட்கும். ஒருநாளும் அதைப் பற்றிக் கேட்டதில்லை.