பத்து விரலில் பத்து பிரவுன்

அறுபது நெயில் பாலிஷ் சேர்த்தும், மனதில் இருக்கும் அந்த ஒரு பிரவுன் மட்டும் கிடைக்கவில்லை. இன்று லாங் பஜார் கடையில் விரலுக்கு ஒன்றாகப் பத்து பிரவுன் பூசிப் பார்த்தேன். அதுவும் இல்லை, இதுவும் இல்லை.

திரும்பும்போது ஆம்பூர் பஸ்ஸில் பக்கத்து சீட் அக்கா என் கையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“எந்த தோல் கம்பெனிம்மா? கிளவுஸ் குடுக்கறதில்லையா?”

“நெயில் பாலிஷ்க்கா. நானே போட்டது.”

அவர் நம்பவில்லை.

“எங்கிட்ட இன்னாம்மா வெக்கம்? நானும் பதினாறு வருஷமா சாயம் போடற செக்‌ஷன்தான். எலுமிச்சம்பழம் தேய், உனக்குப் போய்டும்.”

தன் கையை என் கைக்குப் பக்கத்தில் விரித்து வைத்தார். நான் தேடிய பிரவுன் அந்த நகங்களில் இருந்தது.

வீட்டுக்கு வந்து ரிமூவர் போட்டுத் துடைத்தேன். எனக்கு இரண்டே நிமிடத்தில் போய்விட்டது.

அறுபது பாட்டிலும் அப்படியே இருக்கிறது. யாருக்கு வேண்டும், சொல்லுங்கள்.