முதுகில் ஒரு பெயர்

மினாத்தோ கொக்குகள் பேஸ்பால் அணி இந்த ஆண்டும் கடைசி இடத்தில்தான் நின்றது. கடைசி ஆட்டம் முடிந்ததும் பந்துவீச்சாளன் ஒனோதெரா ரசிகர்களைப் பார்த்துத் தலை வணங்கினான். தோக்கியோவின் பணக்கார அணி ஒன்றுக்குப் போகிறானாம்.

மீன் ஆலையில் வேலை செய்யும் ஃபுமியே, ஆட்டம் பார்க்கப் போட்டுவரும் தன் வெள்ளை அங்கியின் முதுகில் அவன் பெயரைத்தான் தைத்திருந்தாள். அதற்கு முன்பு தைத்த பெயர்களும் இப்படித்தான் போயின.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த மசுவோ அவளைக் கிண்டல் செய்யாமல் விடவில்லை. "அக்கா, நீங்க யார் பேரைத் தைச்சாலும் அவன் கம்பி நீட்டிடுறான். அடுத்த வருஷம் நம்ம பயிற்சியாளர் பேரைத் தைங்க. அந்த ஆளாவது தொலையட்டும்!"

"இந்த அணியில எப்பவும் ஜெயிக்கிறது உன் வாய் மட்டும்தான்டா," என்றாள் ஃபுமியே. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டில் ஒனோதெராவின் பெயரைப் பிரித்தாள். துணி சல்லடையாகியிருந்தது. புதிதாகச் சேர்ந்த சுகாவா நன்றாக வீசுகிறான். தேறியதும் அவனையும் கொத்திக்கொண்டு போவார்கள். இனி எவன் பெயரும் வேண்டாம் என்று அங்கியைப் பெட்டிக்குள் போட்டாள்.

வசந்தம் வந்ததும் வெளியே எடுத்தாள். சுகாவாவின் பெயரைத் தைத்தாள், பிரிக்கும்போது சிரமப்படாமல் இருக்க நீள நீளத் தையலாக.