யாருடைய முட்டி?

உங்கள் தெருவில் வெள்ளம் எதுவரை வந்தது? “முட்டி வரைக்கும்” என்பீர்கள். யாருடைய முட்டி?

எங்கள் ஊர் நகரமைப்பு அலுவலகத்தில் வரைபடம் போடும் அம்மாவுக்கு ‘நீலப் பென்சில்’ என்று பட்டப்பெயர். ஒவ்வொரு தெருவிலும் தண்ணீர் ஏறிய உயரத்தை நீலத்தில் குறிப்பார். அங்கே எழும் புது வீட்டின் தரை அதற்கு மேலே இருந்தாக வேண்டும்.

போன வெள்ளத்துக்குப் பிறகு கீழ்த்தெருத் தையல்காரரைக் கேட்டார். “முட்டி வரைக்கும்தாம்மா.” நீலப் பென்சில் தன் முட்டியை நினைத்து ஒன்றரை அடி என்று எழுதிக்கொண்டார்.

சாக்கடை அடைத்ததைச் சொல்ல ஒருநாள் தையல்காரர் மனைவி வந்தார். வரைபடத்தில் தன் தெருவுக்கு ‘முட்டி, ஒன்றரை அடி’ என்று இருந்ததைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

“அவர் முட்டியா? அவரு பல்பு மாட்ட ஏணி வேணாம்மா! அவர் முட்டின்னா எனக்குத் தொடை.”

அன்றே நீலப் பென்சில் டேப்புடன் போய்த் தையல்காரரைச் சுவரோரம் நிறுத்தி அளந்தார். இரண்டு அடி.

பக்கத்து மனை நீலப் பென்சிலின் தங்கையுடையது. ஒன்றரை அடியை நம்பிப் போட்ட வீட்டு வரைபடம் கையெழுத்துக்குக் காத்திருந்தது. முன்னறையில் ‘அப்பா’ என்று எழுதியிருந்தது. அவரால் நடக்க முடியாது. தெருவை வேடிக்கை பார்க்கத்தான் அந்த அறை.

மேலதிகாரி சலித்துக்கொண்டார். “அரை அடிதானே! மாத்தினா நம்ம தப்புன்னு ஆயிடும்.”

“ஆமா சார். என் தப்புதான்.”

மேட்டில் வசிப்பவர்களுக்கு அது அரை அடி. கட்டிலை விட்டு இறங்க முடியாதவருக்கு? தன் தவறை மறைத்துவிட்டு இயற்கையின் சீற்றம் என்று கைகழுவுவதைவிட ஈனம் வேறில்லை.

தங்கை கொதித்தாள். “தரையை உசத்தினா சாய்தளம் நீளும். அப்பாவோட சக்கர நாற்காலியை ஏத்தி இறக்குறது நீயா, நானா?”

“நீதான்டி. அதான் உன்கிட்ட கேக்க வந்தேன். எவ்வளவு சரிவுன்னா உனக்கு இடுப்பு வலிக்காது?”

 இருவரும் அலுவலக வாசலில் இருந்த சாய்தளத்தில் அப்பாவை வண்டியில் உட்காரவைத்துத் தள்ளிப் பார்த்தார்கள். அப்பா மேலிருந்து, “இன்னொரு தடவை!” என்றார். சிரிப்பில் தங்கையின் கோபம் கரைந்தது. ஸ்கூட்டர் நிறுத்த ஒதுக்கிய இடத்தைச் சாய்தளத்துக்கு விட்டுக்கொடுத்தாள்.

“தரை எவ்வளவுக்கா?”

“வெள்ளத்துக்கு மேல முக்கால். மொத்தம் ரெண்டே முக்கால் அடி.”

“யாரோட அடி?” என்று கேட்டாள் தங்கை.

நீலப் பென்சில் இப்போது டேப்பும் கையுமாக எல்லாத் தெருக்களையும் மறுபடி அளக்கிறார். ஒருவரால் எத்தனை வீடு ஏற முடியும்?

அடுத்த முறை தண்ணீர் வந்தால், அது நின்ற உயரத்தில் உங்கள் சுவரில் ஒரு கோடு போடுங்கள். தேதி எழுதுங்கள். அளந்து உங்கள் ஊர் நகரமைப்பு அலுவலகத்தில் கொடுங்கள். அவர்கள் வரைபடத்தில் ஏற்றும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள்.