நான்காம் கல்

எங்கள் அலுவலகத்தில் அவளை டேப்பக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். கடலோர ஆய்வு நிலையத்தில் கள உதவியாளர். கரையோரம் நட்டிருக்கும் இருபது கற்களுக்கும் மாதம் ஒரு முறை நடந்தே போவாள். ஒவ்வொரு கல்லிலும் டேப்பின் நுனியை மாட்டி, அலை ஏறி நின்ற ஈரக்கோடு வரை இழுத்து, எத்தனை மீட்டர் என்று நோட்டில் எழுதுவாள். பன்னிரண்டு வருடமாக இதே வேலை. அதை அறிக்கையாகத் தட்டச்சு செய்வது நான். அவள் டேப்பு, நான் டைப்பு. வெயிலில் கருத்தது அவள், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தது நான், மாலை மரியாதை வாங்கியது இயக்குநர். அதை விடுங்கள்.

இந்த வருடம்தான் அந்த நோட்டு அரசின் கண்ணில் பட்டது. கடல் வருடத்துக்கு எவ்வளவு கரையைத் தின்கிறது, அறுபது வருடத்தில் எதுவரை வரும் என்று கணக்குப் போட்டு வரைபடத்தில் ஒரு சிவப்புக் கோடு இழுத்தார்கள். கோட்டுக்குக் கடல் பக்கம் யாரும் கட்டக் கூடாது. இருக்கும் வீடுகளை இடித்துவிட்டுக் கடலை விட்டுத் தூரத்தில் மாற்று இடம். கோடு நல்ல கோடுதான். அது இல்லாவிட்டால் மணல்மேடு முழுக்க ஓட்டல்காரர்கள் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். ஆனால் நான்காம் கல் இருக்கும் தெருவில் பதினைந்து வீடுகள் கோட்டுக்குள் வந்துவிட்டன. தெருவின் நுனியில் கடலைப் பார்த்து நிற்கும் முதல் வீடு டேப்பக்காவுடையது. அப்பா கட்டிய வீடு. அவளும் தம்பியும் தம்பி மனைவியும் அதில் இருந்தார்கள். ஆட்சேபம் சொல்ல முப்பது நாள் கெடு.

தம்பி வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன். பிடித்தால் பிடித்ததுதான். கோடு அறிவிப்பானதும் பட்டறையில் உட்கார்ந்து ஆளுயரத்துக்கு ஒரு இரும்புக் கேட் செய்துகொண்டு வந்தான்.

"வீட்டையே இடிக்கப் போறாங்க, கேட் எதுக்குடா?" என்றாள் அக்கா.

"நாங்க எங்கயும் போகப்போறதில்லன்னு அவங்களுக்குத் தெரிய வேணாமா?"

கடல் பக்க வேலியில் தூணுக்குக் குழி தோண்டினான். இடுப்பளவு போனதும் கடப்பாரை கல்லில் பட்டது. மூச்சுப் பிடித்து அந்தக் கல்லைப் பிடுங்கி வெளியே போட்டான். அதே குழியில் தூணை நிறுத்தி, கான்கிரீட் ஊற்றி, பிறகுதான் கல்லைக் கழுவிப் பார்த்தான். தலையில் பித்தளைத் தகடு. அதில் 4.

"உங்க ஆபீஸ் கல்லு நம்ம வீட்டுக்குள்ள என்ன பண்ணுது?" என்று வேலை முடிந்து வந்தவளிடம் கேட்டான்.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு புயல் அந்தக் கரையில் மணலை மலையாகக் கொட்டிவிட்டுப் போனது. நான்காம் கல் எங்கே என்றே தெரியவில்லை. தண்ணீர்த் தொட்டியையும் பள்ளிக்கூடக் கூரையையும் நேர்கோட்டில் வைத்துப் பார்த்து அவள் புதுக் கல் நட்டாள். திசை சரியாக இருந்தது, தூரம் தப்பிவிட்டது. வாசலில் இருக்கும் கல்தானே, அதன் இடம் மறந்தா போகும் என்ற தைரியம். நோட்டில் 'குறிப்பு' என்ற சின்னக் கட்டத்தில் 'புயலுக்குப் பின்' என்று மட்டும் எழுதினாள். கல் புதியது என்று எழுதவில்லை. அந்த வருடம் கரை திடீரென்று குறைந்திருந்ததைப் பார்த்துவிட்டு நானும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. புயலாச்சே, குறையாமல் என்ன செய்யும் என்று அடித்துத் தள்ளிவிட்டேன். அந்தப் பாவத்தில் பாதி என்னுடையது.

மறுநாள் காலை என் மேசைக்கு வந்தாள். தூணிலிருந்து கடல் பக்கமாக ஒன்பது மீட்டர் தள்ளி நின்றது புதுக் கல். கடல் தின்னாத ஒன்பது மீட்டரைக் கடலின் தலையில் கட்டியிருந்தோம். கதவைச் சாத்திவிட்டுக் கணக்கைத் திரும்பப் போட்டோம். பன்னிரண்டு வருடத்துக்கு ஒன்பது மீட்டர் தப்பு என்றால் அறுபது வருடத்துக்கு நாற்பத்தைந்து. கடலிலிருந்து எண்பத்தேழாவது மீட்டரில் இருந்த கோடு நாற்பத்திரண்டுக்கு இறங்கியது. இரண்டாவது வீடு இருப்பது நாற்பத்தைந்தில். அதற்குப் பின்னால் இருப்பவையும் தப்பின. டேப்பக்காவின் வீடு முப்பதில்.

அவள் பென்சிலைக் கீழே வைக்கக்கூட மறந்து உட்கார்ந்திருந்தாள்.

"நான் வாயைத் தொறக்கலன்னா பதினைஞ்சு வீடும் ஒண்ணாப் போகும். அக்கம்பக்கம் அப்படியே கூட வரும். தொறந்தா நாங்க மட்டும் தனியாப் போகணும். அதையும் தொற தொறன்னு உயிரை எடுக்கிறது என் தம்பிதான்."

"அவர்கிட்ட இந்தக் கணக்கைச் சொன்னீங்களா?"

"எப்படிச் சொல்றது? கல்லைப் பளபளன்னு தேய்ச்சு, சாக்குல சுத்தி, கட்டிலுக்கு அடியில வெச்சிருக்கான். தப்புக் கல்லுல அளந்த கோடு, வீடு பொழைச்சிருச்சுன்னு தெருவுக்கே சொல்லிட்டான்."

அதன் பிறகு அவள் பட்ட பாட்டை நான் பார்த்தேன். போன மாதம் வரை 'கோடு போட்ட மகராசி' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் இப்போது வாசலில் நிறுத்தி வைத்து நலம் விசாரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் மென்று முழுங்கிக்கொண்டு தலையை ஆட்டினாள். வீட்டுக்குப் போனால் தம்பி "சொல்லிட்டியா?" அலுவலகத்துக்கு வந்தால் நான் "சொல்லலையா?" இரண்டுக்கும் நடுவே, இடிபடப் போகும் தெருவிலேயே கல்லில் டேப்பை மாட்டி அளந்துவிட்டும் வந்தாள். மாதம் தவறக் கூடாதே.

கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது இயக்குநர் அறைக்குள் போனாள். பயமாக இருக்கிறது என்று என்னையும் இழுத்துக்கொண்டாள். முழுவதையும் கேட்ட இயக்குநர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"தம்பி தோண்டினான், அக்கா அளந்தா. கல்லையும் பிடுங்கியாச்சு. சாட்சி ஒரு கேட் தூணு! சொந்த வீட்டைக் காப்பாத்தக் கதை கட்டுறாங்கன்னு சிரிப்பாங்கம்மா. ஓட்டல்காரங்க வக்கீல் இந்த ஒரு கல்லைக் காட்டியே இருபதையும் தூக்கிக் குப்பையில போடுவான்."

அவள் கணக்குத் தாளை அவர் பக்கம் தள்ளினாள்.

"எங்க வீடு உள்ளதான் சார் இருக்கு."

அவர் தாளைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார்.

"அப்ப நம்புவாங்க" என்றார்.

அன்று மாலையும் என்னைக் கூட வரச் சொன்னாள். தம்பி கேட்டுக்குப் பச்சை பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான். நின்றபடியே சொல்லிவிட்டாள். விளையாடுகிறாள் என்று அவன் முதலில் சிரித்தான்.

"கணக்கைத் திரும்பப் போடு."

"மூணு தடவ போட்டேன்டா."

"தெருவுக்கே சொல்லிட்டேனே, வீடு பொழைச்சிருச்சுன்னு."

"பொழைச்சிருச்சு. பதினாலு."

அவன் பிரஷ்ஷை டப்பாவுக்குள் வைத்தான். கத்தப் போகிறான் என்று நான் ஒரு எட்டுப் பின்னால் போனேன். அவன் தூணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "ரெண்டடி தள்ளித் தோண்டியிருக்கக் கூடாதா நான்?" என்றான். அதற்குப் பிறகு அக்காவிடம் அவன் சரியாகப் பேசவே இல்லை.

ஆட்சேபத்தை விசாரிக்க அரசுக் குழு வந்தது, பார்த்தது, நம்பியது. மற்ற பத்தொன்பது கற்களும் நின்றன, கோடும் நின்றது. மழைக்கு முன்பே அந்த ஒரு வீட்டை மட்டும் இடித்தார்கள். வேலியும் போனது, கேட்டைக் கழற்றித் தம்பி பட்டறைக்குக் கொண்டுபோனான். தூணை மட்டும் அசைக்கக் கூடாது என்று உத்தரவு. அதுதான் இனி நான்காம் கல். அந்தப் பித்தளைத் தகட்டையே அதில் பதித்திருக்கிறார்கள்.

டேப்பக்கா வேறு வேலை கேட்டு எழுதிப் போட்டாள். பழைய இடம் தெரிந்த ஒரே ஆள் அவள்தான் என்று இயக்குநர் விடவில்லை. மாதா மாதம் இரண்டு பஸ் மாறி வந்து, தூணில் தம்பி வைத்த கேட் கீலில் டேப்பை மாட்டி, ஈரக்கோடு வரை இழுக்கிறாள். கடல் இன்னும் இருபத்தேழு மீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. பதினாலு வீட்டுக்காரர்களும் வாசலில் இருந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விடுகிறார்கள்.

குறிப்பு என்ற அந்தச் சின்னக் கட்டத்தை இப்போதெல்லாம் அவள் காலியாக விடுவதில்லை. ஒவ்வொரு மாதமும் ஒரே வரிதான். 'கேட் தூணிலிருந்து அளந்தது. பின்னால் வீடு இல்லை.' நான் அதை அப்படியே அடிக்கிறேன்.