மதாம் ஒர்தான்ஸ் வீட்டு யன்னல்

இதை எழுதலாமா என்று பல வருடங்களாக யோசித்துக்கொண்டே இருந்தேன். நான் ஊரில் எட்டாம் வகுப்போடு நின்றவள். பேனாவை எடுப்பேன், பிறகு உலை வைக்க எழும்பிப் போய்விடுவேன். ஆனால் வயோதிபரைப் பராமரிக்கும் வேலைக்கு இப்போது எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர் வருகிறார்கள். அவர்களுக்காகப் பிள்ளையாரை நினைத்துத் தொடங்குகிறேன். நான் பராமரித்த மதாம் பேசியது பிரெஞ்சு. அதை என் பேச்சில்தான் எழுத வருகிறது.

1. முதல் நாள்

மதாம் ஒர்தான்ஸ் கரீபியன் கடலில் இருக்கும் மார்த்தினிக் என்ற பிரெஞ்சுத் தீவுக்காரர். பாரிசில் ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவில், லாச்சப்பல் பக்கம், எங்கள் ஆட்களின் கடைகளுக்கு மேலே மூன்றாம் மாடியில் தனியாக இருந்தார். பாட்டுகளுக்கு இசை அமைத்தவர், பிள்ளைகளுக்குச் சங்கீதம் படிப்பித்தவர் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. என்னுடைய பிளானிங்கில், அதாவது வேலை அட்டவணையில், குளிப்பாட்டல், சமையல் என்று மட்டும் இருந்தது.

முதுகு தேய்க்கும்போது வழக்கம்போல ஒரு பதிகத்தை முணுமுணுத்தேன்.

"நிப்பாட்டு!" என்றார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

"ஆருக்குப் பாடுறாய்?"

"பிள்ளையாருக்கு, மதாம்."

"அவருக்குக் காது கேக்குமோ?"

"நல்லாக் கேக்கும். யானைக் காது."

"அப்ப ஏன் வாய்க்குள்ளை பாடுறாய்? திறந்து பாடு!"

அன்றிலிருந்து நான் பாட, அவர் தொட்டி விளிம்பில் விரலால் தாளம் தட்டுவார்.

2. ரோட்டில் வகுப்பு

கொஞ்சம் கொஞ்சமாகத் தன் கதையைச் சொன்னார். தாய் ஊராருக்கு உடுப்புத் தோய்த்தவர். மாதா கோவிலில் ஒரு கன்னியாஸ்திரி ஓர்கன் பழக்கினார். கப்பலேறிப் பாரிசுக்கு வந்து படித்து, திரும்பிப் போய்த் தீவிலேயே ஆசிரியையானார். பிள்ளைகள் வீட்டில் பேசும் கிரெயோல் மொழியில் பாட்டுக் கட்டினார். வகுப்புக்குள் மேளம் கொண்டுபோனார்.

"மேளம் ரோட்டுக்கு உரியது, வகுப்புக்கு இல்லை எண்டு அதிபர் சொன்னார்."

"நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"வகுப்பை ரோட்டுக்குக் கொண்டுபோனன்."

சொல்லிவிட்டுத் தோள் குலுங்கச் சிரித்தார். மேளத்துக்குப் பின்னால் பிள்ளைகள் பாடிக்கொண்டு நடக்க, மீன் விற்கிற பெண்களும் சேர்ந்துகொள்வார்களாம். அந்த ரோட்டுப் பாட்டில் ஒன்றை எனக்கும் பழக்கினார். நான் அழகுக்கு ஓர் இழுவை இழுத்தால் ஏச்சு விழும். "நான் போட்டதைப் பாடு. உன்ரை சோடினையை உன்ரை பாட்டிலை வை!"

அவருக்கு இடுப்பு எலும்பு முறிந்தபோது அவருடைய மகள் வைத்தியத்துக்கு இங்கே கூட்டி வந்தார். பிறகு விமானம் ஏற டாக்டர் விடவில்லை. டிவியில் தீவுகளின் காலநிலை சொல்லும்போது நான் பேசக்கூடாது. அங்கே மழை என்றால், "பள்ளிக்கூட ஏத்தம் வழுக்கும்" என்பார்.

3. தேர்

ஒரு கோடையில் கேட்டார். "வருசத்திலை ஒருக்கால் என்ரை யன்னலுக்குக் கீழை மேளம் போகுதே, அது ஆரின்ரை?"

"எங்கடை பிள்ளையாற்றை தேர், மதாம். அது தவில்."

"எனக்கு அதுக்குப் பின்னாலை கொஞ்சத் தூரம் போகவேணும். சில்லுக் கதிரையிலை வைச்சுத் தள்ளு. ஆனா அண்டைக்கு நீ வாறேல்லையே."

உண்மை. தேருக்கு எப்போதும் லீவு எடுப்பேன். ஒவ்வொரு வருடமும் அந்த யன்னலுக்குக் கீழேதான் வடம் பிடித்துப் போயிருக்கிறேன். மேலே பார்த்ததில்லை.

"இந்த முறை வருவன், மதாம்."

திரான்சியில் எங்கள் வீட்டில் என் வீட்டுக்காரர் கேட்டார். "இஞ்சேரும், தேர் நாளிலையும் வேலையோ? பிள்ளையார் உம்மைத் தேடமாட்டாரோ?"

"அவர் மதாமின்ரை வாசலுக்குத்தானே வாறார். அங்கை கும்பிடுறன்."

தேருக்குக் கொஞ்ச நாள் இருக்க, மதாம் நித்திரையிலேயே போய்விட்டார்.

நான் கோவிலுக்குப் போகவில்லை. உறவில் ஒருவர் செத்தால் துடக்கு என்று கோவில் வாசல் மிதிக்க மாட்டோம்.

"அவ எங்களுக்கு என்ன முறை, துடக்குக் காக்க?" என்றார் இவர்.

"முறை தெரியாது. கால் போகுதில்லை."

மதாமின் மகள் போன் எடுத்து, வீட்டைத் துப்புரவாக்கித் தரமுடியுமா, எந்த நாள் வசதி என்று கேட்டார். தேர் நாளைச் சொன்னேன். மதாமுக்கு வருவேன் என்று சொன்ன நாள்.

மதாமின் பியானோவை ஏற்கெனவே லொறியில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். திரைச்சீலையும் இல்லை. நிலம் துடைத்துக்கொண்டிருக்கத் தூரத்தில் தவில் கேட்டது. யன்னல் இரண்டு கதவையும் அகலத் திறந்தேன். துடக்குக்காரி சாமியைப் பார்க்கக்கூடாது என்று ஓரடி பின்னுக்கு நின்றேன். கேட்கக்கூடாது என்று ஒருவரும் சொன்னதில்லை. வெறும் வீட்டில் அந்த அடி சுவரிலே மோதி, காலுக்குக் கீழே பலகை அதிர்ந்தது. இதைத்தான் மதாம் ஒவ்வொரு வருடமும் தனியே கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்.

தவில் யன்னலுக்குக் கீழே வந்தபோது, அவருடைய ரோட்டுப் பாட்டைப் பாடினேன். பாதிச் சொல்லுக்கு எனக்கு அர்த்தம் தெரியாது. வாயைத் திறந்து பாடினேன்.

பிள்ளைகளே, நீங்கள் பார்க்கப் போகிற ஆட்களிடம் பிளானிங்கில் இல்லாததையும் கேளுங்கள். எங்கே போக ஆசை, எதைக் கேட்க ஆசை என்று முதல் மாதமே கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை, அவரே கேட்கும்வரை இருந்துவிட்டேன்.

இந்த வேலைக்கு வரும் மற்றவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். மதாமுக்குச் சோடினை பிடிக்காது.