பன்னிரண்டாவது பெட்டி

அக்கா பால் அட்டைப்பெட்டியின் வாய்க்குள் மூக்கை நுழைத்து மோந்து பார்க்கிறார். முகம் சுளிக்கிறது. "இன்னொரு தடவை கழுவணும்" என்று அதைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கிறார். எட்டு மணிக்கு மருந்துக்கடையில் வேலைக்கு நிற்க வேண்டியவர், ஏழே முக்காலுக்கு ஒரு டஜன் காலிப் பெட்டிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்.

அட்டைப்பெட்டி அக்கா என்றால்தான் எங்கள் பகுதியில் தெரியும். ஞாயிறு காலை இரண்டு மணி நேரம், நூலகத்தின் பின்னறையில் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு அறிவியல் பொம்மைகள் செய்யச் சொல்லித் தருகிறார். எதையும் விலைக்கு வாங்கக் கூடாது என்பது சட்டம். "வீட்ல கிடக்கறதுல செய். கடைக்குப் போனா அது ஷாப்பிங், சயின்ஸ் இல்ல" என்பார். அவர் கணவர் லிப்ட் மெக்கானிக். "எங்க வீட்ல ஒரு பாட்டில் மூடியைத் தூக்கிப் போடணும்னாகூட மனு கொடுக்கணும்" என்று அலுத்துக்கொள்வார். அப்படிச் சொல்லும்போதே அவர் பையிலிருந்து ஓர் அட்டைக்குழாய் எட்டிப் பார்க்கும்.

இந்தச் சாதுவான அக்காவிடம் நான் ஒருமுறை வசமாக மாட்டிக்கொண்டேன். பலூன் காற்றில் ஓடும் கார் ஒன்றை என் மகள் வீட்டில் செய்துகொண்டுபோக வேண்டும். சக்கரம் கோணிக்கொண்டே போனதால், அவள் தூங்கியபின் நானே எல்லாவற்றையும் பிரித்து ஒட்டிவிட்டேன். அக்கா அதைக் கையில் வாங்கி ஒரு திருப்புத் திருப்பினார். "இது எட்டு வயசுக் கை ஒட்டினது இல்லையே. உங்களுக்குச் செய்யணும்னு ஆசையா இருந்தா நீங்களும் வந்து உக்காருங்க. அவளோடதைத் தொடாதீங்க." எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அன்றிலிருந்து நான் சுவரோரம் கை கட்டி நிற்கிறவன்.

போன மாதம் நூலகத்துக்குப் புதிய நூலகர் வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் சத்தம் ஆகாது. பழைய பத்திரிகைக் கட்டுகளை வைக்கப் பின்னறை வேண்டும் என்றார். அக்கா போய்ப் பேசியதில் கொஞ்சம் இறங்கிவந்தார். "வர்ற ஞாயிறு வந்து பார்க்கிறேன். பிள்ளைங்க உருப்படியா ஏதாவது செய்யறாங்கன்னா ரூம் உங்களுக்கு. இல்லன்னா மன்னிச்சுக்கங்க."

அந்த வாரப் பாடம் பெரிஸ்கோப். பால் பெட்டிக்குள் பவுடர் டப்பாக் கண்ணாடி இரண்டைச் சாய்த்து ஒட்டி, மறைவில் இருந்தபடியே சுவருக்கு அந்தப்பக்கம் பார்க்கும் கருவி. அம்மாக்களுக்குக் கவலை. "முன்கூட்டியே நீங்க செஞ்சு வெச்சிடுங்களேன்க்கா. அவர் வர்றப்போ பிள்ளைங்க கையில குடுத்துடலாம்" என்றார்கள்.

"அப்போ அவர் பார்க்கறது என் வேலையைத்தானே? அதுக்கு எதுக்கு ரூம், எங்க வீட்டு அலமாரி போதும்" என்று அக்கா பேச்சை முடித்துவிட்டார். பிடித்த பிடியை விடுகிற ஆளா அவர்?

ஞாயிற்றுக்கிழமை. நூலகர் பின்னால் கை கட்டியபடி மேசை மேசையாக நடந்தார். ஒவ்வொரு பெட்டியாக வாங்கிக் கண்ணில் வைத்துப் பார்த்தார். பதினொன்றில் அலமாரிக்கு அந்தப்பக்கம் இருந்த கடிகாரம் தெளிவாகத் தெரிந்தது. மனிதர் முகத்தில் ஒரு சிரிப்புகூட வந்தது. நான் மூச்சு விட்டேன்.

பன்னிரண்டாவது பெட்டி, இருப்பதிலேயே சின்னவளுடையது. அவள் அதற்குள் கண்ணை வைத்தபடி, "அக்கா, கடிகாரத்தைக் காணோம். சார்தான் தலைகீழா நிக்கறார்" என்றாள். நூலகர் அவளுக்குப் பின்னால் நின்றிருந்தார். பெட்டியில் மேலும் கீழும் பார்க்க வெட்டும் இரண்டு சன்னல்களையும் எதிரெதிர்ப் பக்கம் வெட்டாமல் ஒரே பக்கம் வெட்டியிருந்தாள். அதனால் முன்னால் இருப்பதற்குப் பதில் முதுகுப்பக்கம் இருப்பது தெரிந்தது, அதுவும் கவிழ்ந்து.

பிள்ளைகள் சிரித்தார்கள். சின்னவளின் உதடு பிதுங்கியது. அக்கா அவளருகில் மண்டியிட்டார்.

"சார் எந்தப் பக்கம் இருக்கார்?"

"பின்னாடி."

"கடிகாரம்?"

"முன்னாடி."

"அப்போ மேல் சன்னல் எந்தப் பக்கம் பார்க்குது?"

அவள் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு நிமிடம் ஆனது, இரண்டானது. நூலகர் மணி பார்த்தார். அழப்போகிற குழந்தையைப் பார்க்கச் சகிக்காமல், "குடும்மா, நான் சரி பண்ணித் தர்றேன்" என்று கனிவோடு குனிந்து பெட்டியை நோக்கிக் கை நீட்டினார்.

அந்தக் கையை அக்கா மணிக்கட்டோடு பிடித்து நிறுத்தினார். அவரை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. கண் சின்னவள்மேலேயே இருந்தது. அவள் பெட்டியின் மறுபக்கத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுக்கும்வரை, பிடித்த பிடியை விடவில்லை.